நாவல் மரத்துத் தீர்ப்பு

மலையடிவாரத்தில் இருந்த ஒரு காட்டில், ஓடைக்கரை நாவல் மரம் ஒன்றுக்காகக் குரங்கும் மலையணிலும் சண்டையிட்டன. கிளைகள் முறிந்தன, பிஞ்சுகள் உதிர்ந்தன.

கடைசியில் இரண்டும் மிளாமானிடம் போயின. "நீங்கள் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறோம்" என்று ஓடை நீரில் கால் வைத்துச் சத்தியம் செய்தன.

மிளா இருவர் பேச்சையும் பொறுமையாகக் கேட்டது. மரத்தைச் சுற்றி வந்து பார்த்தது. பிறகு, "அணிலின் கூடும் குட்டிகளும் இந்த மரத்தில் இருக்கின்றன. மரம் அணிலுக்கே" என்றது.

குரங்குக்கு வயிறு எரிந்தது. அதற்குத் தின்ன வேறு மரங்கள் இருந்தன, பசியும் இல்லை. ஆனால் அணில் செம்பட்டு வாலை ஆட்டிக்கொண்டு உச்சிக் கிளையில் உட்கார்ந்து பழம் தின்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பழம் தன் வாயிலிருந்து பிடுங்கப்பட்டது போல இருந்தது. அந்த வழியே போன மயில் நின்று, "அணிலே, உன் மரம் எவ்வளவு அழகு" என்று சொன்னதும் குரங்குக்குத் தாங்கவில்லை. நேரே காட்டின் அரசியான பெண்யானையிடம் ஓடியது.

"அரசியே, மிளாவின் தீர்ப்பு தவறு. அதை நீங்கள் ரத்து செய்ய வேண்டும்."

யானை நடந்ததை எல்லாம் கேட்டது. "நானாக இருந்தால் கிழக்குக் கிளைகளை உனக்குக் கொடுத்திருப்பேன்" என்றது.

குரங்கின் முகம் மலர்ந்தது. "அப்படியே கொடுத்துவிடுங்கள்."

"முடியாது. நீங்கள் இருவரும் தீர்ப்புக் கேட்டு என்னிடம் வரவில்லை. மிளாவை நீங்களே தேர்ந்தெடுத்தீர்கள். மிளா கைக்கூலி வாங்கியிருந்தாலோ, ஒருவர் பேச்சைக் கேட்காமல் விட்டிருந்தாலோ, நீங்கள் கொண்டுபோகாத வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தாலோ மட்டும்தான் நான் தலையிடுவேன்."

குரங்கு தலையைச் சொறிந்தது. உச்சிக் கிளையில் ஆடும் செம்பட்டு வால் அதன் நினைவில் வந்தது.

"மிளா என்னைப் பேசவே விடவில்லை, அரசியே" என்றது.

"அடடா, அது பெரிய தவறாயிற்றே. விட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?"

"போன கோடையில் மரத்தைக் கொடி சுற்றி நெரித்தது. அதை அறுத்துக் காப்பாற்றியது நான்தான் என்று சொல்லியிருப்பேன்."

"நல்ல வாதம். இதைக் கேட்டிருந்தால் மிளாவின் மனம் இளகியிருக்குமே."

"எங்கே இளகியது? 'கொடியை அறுத்ததை யார் பார்த்தார்கள்?' என்று என்னையே திருப்பிக் கேட்டது" என்று படபடத்த குரங்கு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டது.

யானை கோபப்படவில்லை. "உன் பேச்சை மிளா நன்றாகவே கேட்டிருக்கிறது. தீர்ப்பு நிற்கும். நீ போகலாம்" என்றது.

இந்தச் செய்தி காடெங்கும் பரவியது.

அடுத்த கோடையில் ஓடை வற்றியது. குரங்கு குடித்துவந்த பாறைச் சுனையைக் கரடி பிடித்துக்கொண்டது.

"நாம் சண்டை போட வேண்டாம், கரடியண்ணா. ஒரு நடுவரை வைத்துப் பேசிக்கொள்வோம்" என்றது குரங்கு.

கரடி தண்ணீரிலிருந்து முகத்தை எடுத்தது. "நடுவர் எனக்குச் சாதகமாகச் சொன்னால் நீ கேட்கவா போகிறாய்?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் குடிக்கத் தொடங்கியது.

குரங்கு பாறையோரம் ஒதுங்கியது. வறண்ட தொண்டையோடு, கரடி குடித்து முடிக்கும்வரை வெயிலில் காத்து நின்றது.

நீதி: நாமே நம்பித் தேர்ந்தெடுத்த நடுவர் நேர்மையாகச் சொன்ன தீர்ப்பு, நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தவறாகிவிடாது.