ஒரு கூடை வண்டல்

வெண்கோட்டை நகருக்குக் குடிதண்ணீர் தந்தது ஆலங்கோட்டு ஏரி. நகரம் பெருக்கப் பெருக்க, ஏரியைச் சுற்றியிருந்த ஊர்கள் காலியாகிக்கொண்டே வந்தன. அங்கிருந்து வந்தவர்களுக்கு நகர மதிலுக்குள் இடமில்லை. வடக்கு வாசலுக்கு வெளியே குடிசை போட்டுக்கொண்டு, சுமை தூக்கியும் தெரு பெருக்கியும் பிழைத்தார்கள்.

ஊரில் ஆள் இல்லாதபோது ஏரியைத் தூர்வார யார் இருக்கிறார்கள்? ஏரி மேடிட்டது. நகரத்து வாய்க்காலில் தண்ணீர் நூலாக இறங்கியது.

நீர் அதிகாரி ஏகம்பர் கூலிக்கு ஆள் பிடித்து ஏரியை வெட்டினார். வெட்டிய வண்டலைக் கரையோரமாகவே குவித்தார். மழை வந்தது. குவியல் முழுவதும் கரைந்து, கிளம்பிய இடத்துக்கே போய்ப் படுத்துக்கொண்டது. ஏகம்பர் ஏரிக்கு மண் ஊட்டுகிறார் என்று சந்தையில் சிரித்தார்கள்.

அரசர் சிரிக்கவில்லை. அடுத்த மழைக்கும் ஏரி நிறையாவிட்டால், வடக்கு வாசல் குடிசைகளைப் பிரித்து அந்த ஜனங்களை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடப் போவதாகச் சொன்னார். இருக்கிற தண்ணீர் எல்லோருக்கும் காணாது என்றார்.

ஏகம்பருக்குத் தூக்கம் போயிற்று. ஏரிக்கரையில் உமையாள் என்ற ஞானி இருந்தார். அவர்தான் ஏகம்பரின் குரு. வயதில் இளையவர். நரைத்த தலையோடு ஏகம்பர் அவர்முன் கைகட்டி நிற்பதைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புவார்கள்.

"அம்மா, வெட்டிய வண்டல் ஏரிக்குத் திரும்பாமலிருக்க என்ன செய்வது?"

"நீங்கள் என்ன நினைத்திருக்கிறீர்கள்?"

"கரை நெடுகக் கருங்கல் சுவர். வரைபடம்கூடப் போட்டுவிட்டேன்."

உமையாள் எழுந்துபோய், ஒரு கூடை நிறைய ஈர வண்டலை அள்ளி வந்து அவர் தலையில் ஏற்றினார். இதை யார் விரும்பிக் கேட்கிறார்களோ அவர்களிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

குரு சொன்னால் செய்ய வேண்டியதுதான். ஏகம்பர் கூடையோடு நகரத்துக்குள் நுழைந்தார். துணிக்கடைக்காரர், சேறு தெறிக்கப் போகிறது, தள்ளி நில்லுங்கள் என்றார். ஒரு வைத்தியர் மோந்து பார்த்துவிட்டு, இது எந்த நோய்க்கும் ஆகாது என்றார். அரண்மனைக் காவலாளியோ, வேலை போய்விட்டதா ஐயா என்று துக்கம் விசாரித்தான். கூடை கனத்ததே தவிர, கேட்பார் இல்லை.

கடைசியில் வடக்கு வாசலுக்கு வந்து, கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார். பக்கத்தில் விளக்குமாறு கட்டிக்கொண்டிருந்த காத்தாயி என்பவள் கூடைக்குள் கைவிட்டாள். ஒரு பிடி எடுத்துப் பிசைந்தாள்.

"ஆலங்கோட்டு வண்டலுங்களா?"

"ஆமாம். வேண்டுமா?"

அவள் கூடையை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். கோடை தோறும் வீட்டுக்கு ஒருவர் ஏரிக்குள் இறங்கி, தம் வயலுக்கு எருவாக வண்டல் அடித்த காலத்தைப் பிறகு சொன்னாள். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு பிடி கேட்டார்கள். அவள் தரவில்லை.

"அப்படியானால் ஊருக்கே போய்விடலாமே?" என்றார் ஏகம்பர்.

காத்தாயியின் முகம் மாறியது. "என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்போ ஊரில் வைத்தியர் இல்லீங்க. இங்கே தூக்கிட்டு ஓடி வந்தோம். பாதி வழிதான் வந்தான். இப்போ ரெண்டாவது பிள்ளை ஒண்ணு இருக்கு. வண்டல் போட்டா நெல்லு விளையும். காய்ச்சலுக்கு யாருங்க வருவா?"

ஏகம்பர் வெறுங்கையோடு ஏரிக்கரைக்குத் திரும்பினார்.

"கூடை எங்கே?" என்று கேட்டார் உமையாள்.

"ஒருத்தி பிடுங்கிக்கொண்டாள். திருப்பித் தர மாட்டாளாம்." காத்தாயி சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"சுவர் எப்போது கட்டுகிறீர்கள்?"

ஏகம்பர் வரைபடத்தை எடுத்துக் குருவின் அடுப்பில் போட்டார்.

மறுநாள் அரசர் முன் நின்றார். ஏரிக்கரைக்கு ஒரு வைத்தியர் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், வாரச்சந்தை வேண்டும், வழக்குத் தீர்க்க ஒரு நியாயஸ்தலமும் வேண்டும் என்றார்.

"நகரத்தில் இருப்பதையெல்லாம் அங்கே கொடுத்துவிட்டால், அப்புறம் நகரம் எதற்கு?" என்றார் அரசர்.

"இருக்கட்டும், மகாராஜா. குடிக்கத் தண்ணீரோடு இருக்கட்டும்."

அரசருக்குக் கோபம் வந்தது. பிறகு தாகம் வந்தது. சேவகன் கொண்டுவந்த செம்பில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சம்மதித்தார்.

முதலில் வைத்தியர் போனார். அவர் வீட்டுக்குக் கூரை வேய்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காத்தாயி தன் குடிசையைப் பிரித்தாள். அவள் கிளம்பியதும் வடக்கு வாசலே கிளம்பியது.

அந்தக் கோடையில் ஏரியை வெட்ட யாரும் கூலி கேட்கவில்லை. சண்டை வந்தது உண்மை. பக்கத்து வயல்காரர் ஒரு வண்டி கூடுதலாக வண்டல் அடித்துவிட்டார் என்பதற்காக வந்த சண்டை. கரையில் ஒரு கூடை மண்கூடத் தங்கவில்லை. ஏரி பள்ளமாயிற்று, வயல் கறுத்தது.

மழை பிடித்துக்கொண்டது. ஏரி ததும்பி, கலிங்கில் வழிந்து விழுந்த சத்தம் அடுத்த ஊர்வரை கேட்டது. ஜனங்கள் பறை அடித்துக்கொண்டு கரையேறினார்கள். வைத்தியரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். மடை திறந்ததும் தண்ணீர் கரைபுரண்டு ஓடி வெண்கோட்டைக்குள் புகுந்தது. சந்தையில் முன்பு சிரித்தவர்கள் வாய்க்காலில் இறங்கி, ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைத்துக்கொண்டார்கள். ஏகம்பரையும் விடவில்லை. அதிகாரி உடுப்போடு நனைந்தார்.

அறுவடை நேரத்தில் அரசரிடமிருந்து ஏகம்பருக்கு அழைப்பு வந்தது. போய்விட்டு, நேராகக் குருவிடம் வந்தார். உமையாள் காத்தாயியின் வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது.

"அம்மா, அரசர் ரொம்பவும் மகிழ்ந்துபோயிருக்கிறார். இனித் தண்ணீருக்குப் பஞ்சமில்லையாம். நகரத்தை இரண்டு மடங்காகக் கட்டப் போகிறாராம். அதற்கு ஆள் வேண்டும், போனவர்களையெல்லாம் திரும்ப அழைத்து வா என்கிறார். என்ன பதில் சொல்லட்டும்?"

உமையாள் ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"இவ்வளவு நன்றாக விளைந்திருக்கிறதே, இந்த வயலில் அடித்த வண்டலை வாரிக்கொண்டுபோய் மறுபடி ஏரியிலேயே கொட்டிவிடலாமா என்று அவரைக் கேளுங்கள், ஏகம்பரே."