செருப்பு பார்க்கும் திசை

மலைநாடு, வயல்நாடு, கடல்நாடு என்று அடுத்தடுத்து மூன்று நாடுகள் இருந்தன. மூன்றும் ஒரே கூட்டாட்சியாக இணைவதென்று பேச்சு நடந்தது.

ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட்டது. கொடிக்கு நிறம் முடிவானது. எல்லைச் சாவடிகளை எடுத்துவிடுவது என்று முடிவானது. ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி.

“விரும்பினால் பிரிந்து போகலாம் என்று எழுதுங்கள்” என்றது மலைநாடு. மூன்றிலும் சிறியது அதுதான்.

“எழுத மாட்டோம்” என்றன மற்ற இரண்டும்.

கடைசி முயற்சியாக மூன்று நாட்டுத் தூதர்களும் ஆற்றங்கரையில் இருந்த செங்கோதை அம்மையின் மடத்தில் கூடினார்கள். பொழுது சாய்வதற்குள் உடன்பாடு வராவிட்டால் பேச்சு முறிந்தது என்று பொருள்.

ஒப்பந்தத்தை எழுதும் பொறுப்பு அம்மையின் சீடர் மருதவாணனுக்கு. தலை நரைத்த மனிதர். மகளை மலைநாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். பேத்தி பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் தொடங்கிவிட்டாள். தாத்தா இன்னும் பார்க்கவில்லை. சாவடியில் அனுமதி கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்.

அன்று காலையும் பேச்சு அதே இடத்தில் வந்து நின்றது.

“மணமேடையில் உட்கார்ந்துகொண்டு, பிறந்த வீட்டுக்கு வண்டி பூட்டச் சொல்கிறாள் பெண்!” என்றார் கடல்நாட்டுத் தூதர் திரையன்.

“வண்டியே இல்லாத ஊரில் பெண் கொடுக்க மாட்டோம்” என்றாள் மலைநாட்டுத் தூதர் காந்தள்.

வயல்நாட்டுத் தூதர் பெருஞ்சாத்தன் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருதவாணன் அம்மையிடம் போனார்.

“அம்மா, சேரும்போதே பிரிவதற்கு வழி கேட்பது சரிதானா?”

“வடை ஆறுகிறது” என்றார் அம்மை. “போய் இலை போடு.”

எல்லாரும் கை கால் கழுவப் போனார்கள். மருதவாணன் இலைகளோடு வந்தபோது கூடத்தின் படியோரம் திரையன் நின்றுகொண்டிருந்தார்.

“இதைப் பாரும் மருதவாணரே.”

படியோரம் செருப்புகள் கிடந்தன. மற்றவர்களின் செருப்புகள் வீட்டைப் பார்த்திருந்தன. மலைநாட்டாருடையவை மட்டும் வரிசையாக, வாசலைப் பார்த்திருந்தன.

“வரும்போதே போகிற நினைப்பு. போட்டிருக்கும் விதமே சொல்கிறதே!” என்று முணுமுணுத்துவிட்டு அவர் உள்ளே போனார்.

மருதவாணன் இலைகளைக் கீழே வைத்தார். பெருஞ்சாத்தனும் இதைப் பார்த்துவிட்டால்? சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து, மலைநாட்டாரின் செருப்புகளை வீட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

பந்தி தொடங்கியது. காந்தள் தேன் குடுவையை வண்டியில் மறந்துவிட்டிருந்தாள். எடுத்து வரலாம் என்று எழுந்து வெளியே போனாள். படியில் நின்றாள். செருப்புகளைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

திரும்பி வந்து தன் ஆட்களிடம் ஏதோ சொன்னாள். அவர்கள் சோற்றில் கைவைக்காமல் எழுந்தார்கள். செருப்பைத் தொடாமல் வெளியே போய், புன்னை மரத்தடியில் மூட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“சொன்னேனா இல்லையா?” என்றார் திரையன்.

மருதவாணன் அம்மையிடம் ஓடினார்.

“நான்தான் அம்மா. செருப்பைத் திருப்பி வைத்தேன்.”

“ஏன்?”

“போகும் எண்ணம் வரக்கூடாதே என்று.”

“வரவில்லையா?”

“போயே விட்டார்கள் அம்மா.”

அம்மை சிரித்துவிட்டார். எழுந்து புன்னை மரத்தடிக்கு வந்தார்.

“என்ன காந்தள், என் சமையல் அவ்வளவு மோசமா?”

“சமையலுக்கு என்ன குறை அம்மா? வாசனை இங்கே வரை வருகிறது” என்றாள் அவள். “ஆனால் எங்கள் ஊரில் செருப்பை உள்பக்கம் பார்த்துத் திருப்பினால் ஒரே ஒரு அர்த்தம்தான். ஆடு திருடியவனைப் பிடித்து உட்கார வைத்திருக்கிற வீடு என்று அர்த்தம்.”

“விருந்தாளி என்றால்?”

“வாசலைப் பார்த்திருக்கும். நல்ல வீடு என்றால், வீட்டுக்காரரே தன் கையால் அப்படித் திருப்பி வைப்பார்.”

அம்மை படிக்குப் போனார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மருதவாணன் உதவிக்கு வந்தபோது கையால் தடுத்தார். மலைநாட்டாரின் செருப்புகளை ஒவ்வொரு ஜோடியாக, வாசல் பார்த்துத் திருப்பி வைத்தார். கடைசியில் தன்னுடைய செருப்பையும் அப்படியே திருப்பினார்.

மலைநாட்டார் மூட்டைகளை மரத்தடியிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள்.

வந்தவர்கள் சாப்பிட்டார்கள். வண்டியிலிருந்து அவர்கள் எடுத்துவந்த தேனைப் பாயசத்தில் ஊற்றிக்கொண்டு பெருஞ்சாத்தன் கண்ணை மூடினார். சாப்பாடு முடிந்ததும் மலைநாட்டார் பாடத் தொடங்கினார்கள். தாளம் போட ஒன்றும் இல்லை. பெருஞ்சாத்தன் காலிக் குடத்தைக் கவிழ்த்துத் தட்டினார். திரையன் படகுப்பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். காந்தளின் ஆட்கள் அதற்கும் ஆடினார்கள்.

வெயில் இறங்கியது. ஆற்றில் நிழல் நீண்டது.

பெருஞ்சாத்தன் மூச்சு வாங்கக் குடத்தைக் கீழே வைத்தார்.

“மலை ஏற வேண்டாமா காந்தள்? இருட்டிவிடுமே.”

“போகலாம், போகலாம்” என்றாள் காந்தள். “பாயசம் இன்னும் இருக்கிறதா?”

திரையன் அவளைப் பார்த்தார். பிறகு படியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“செருப்பு வாசலைப் பார்க்கிறது. ஆள் அண்டாவைப் பார்க்கிறாள்! இவர்களா பிரிந்து போகப்போகிறவர்கள்? மருதவாணரே, அந்த வாக்கியத்தை எழுதிக்கொள்ளும்.”

“எழுதட்டுமா?” என்று மருதவாணன் பெருஞ்சாத்தனைப் பார்த்தார்.

“தாராளமாக. மலைநாட்டுக்கு மட்டும் என்று போடாதீர். எல்லாருக்கும் என்று போடும்” என்றார் பெருஞ்சாத்தன். “இந்தக் கடல்நாட்டுக்காரர் குரலை நானும் எத்தனை காலம் தாங்குவேன் என்று சொல்ல முடியாது.”

“அப்படியானால் என் செருப்பையும் திருப்பி வையும்!” என்றார் திரையன்.

கூடம் முழுக்கச் சிரிப்பு.

மருதவாணன் ஒப்பந்த ஓலைகளை எடுத்துக்கொண்டு அம்மையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஓலைகளைப் புரட்டினார். கடைசி ஓலையின் அடியில் ஓரமாகக் கொஞ்சம் இடம் இருந்தது. முதல் ஓலை வெறுமையாக இருந்தது. கூட்டாட்சியின் புகழைப் பாடி எழுதுவதற்காக ஒதுக்கி வைத்திருந்தார்.

“அம்மா, இந்த வாக்கியத்தை எங்கே எழுதட்டும்? கடைசியில் ஓரமாக, பொடி எழுத்தில் எழுதிவிடலாமா?”

“செருப்பை எங்கே விடுவார்கள் மருதா?”

“வாசலில்.”

“அங்கேயே எழுது” என்றார் அம்மை. “எழுதி முடித்துவிட்டுப் படிக்குப் போ. உன் செருப்பை மலைப்பாதை பார்த்து வைத்திருக்கிறேன்.”