முட்காடு தலை கவிழ்ந்த கதை

மரஞ்செடிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், தொட்டாற்சுருங்கி இன்று போலத் தரையோடு கிடக்கவில்லை. ஆண்டுக்காண்டு வளர்ந்து, பனை உயரம் எழும்பி, மலையை விட்டு இறங்கும் ஒரே கணவாயை அடைத்துக்கொண்டது. உள்ளே போனவர்கள் திரும்பவில்லை. அவர்களுடைய குரல்கள் மட்டும் முட்களுக்குள் தங்கிவிட்டன. காற்றே இல்லாத உச்சிவேளையில் அந்தக் காடு அவர்கள் குரலில் பேசிக்கொண்டிருக்கும்.

மலைமேல் சிலம்பாயி என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் சடையன் உப்பு வாங்கப் போய் அந்த முள்ளில் மறைந்தவன். அடுத்த மழையில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பால் இறங்கவில்லை, அழக்கூடத் தெம்பில்லை. வைத்தியச்சி இருந்ததோ கணவாய்க்கு அப்பால். பிள்ளையை முதுகோடு கட்டிக்கொண்டு அவள் புறப்பட்டாள். வழியில் ஒரு கீரி குறுக்கே வந்து, திரும்பிப் போய்விடச் சொன்னது. தன் குட்டிகளின் குரலைத் தினமும் அங்கே கேட்பதாகச் சொல்லிவிட்டு ஓடியது.

முட்காட்டின் முன்னால் அவள் நின்றதும் பேச்சு அடங்கியது. பிறகு, வெகு அருகில், சடையனின் குரல்.

"சிலம்பாயி, வந்துட்டியா? பிள்ளையை இப்படிக் குடு. நான் பிடிச்சுக்கிறேன்."

அதே குரல்தான்; பேச்சு முடிகையில் வரும் கரகரப்புகூட மாறவில்லை. அவள் கை தானாகவே கட்டை அவிழ்க்கப் போனது. குழந்தையின் மேல்சூடு விரலைச் சுட்டது. கையை இழுத்துக்கொண்டு அங்கேயே மண்டியிட்டாள்.

"சாமி, எனக்கு வழி தெரியல. உனக்குத் தெரியும். நீ முன்னால நட, நான் பின்னால வரேன்."

காடு சிரித்தது. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாய்ச் சிரித்தது. இங்கே யாரும் வரவில்லையே என்று சடையன் குரலிலேயே சொன்னது.

சிலம்பாயி எழுந்தாள். கண்ணை மூடி, வெறுங்காலை முள்ளுக்குள் வைத்தாள். முள் குத்தவில்லை. ஒரு முழம் முன்னால் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. அந்த அடிகள் படப்பட இலைகள் கூம்பின. கிளைகள் தரையில் சாய்ந்தன. இருபுறமும் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியாக அவள் பெயரைச் சொன்ன குரலுக்கும் அவள் கண் திறக்கவில்லை. கன்னம் மட்டும் நனைந்தது.

மறுபுறம் போய்க் கண் திறந்தபோது முன்னால் யாரும் இல்லை. முதுகில் பிள்ளை பாலுக்கு அழுதது.

அன்று முதல்தான் தொட்டாற்சுருங்கி தரையோடு கிடக்கிறது. முள் இருக்கிறது, வாய் இல்லை. எறும்பு ஊர்ந்தாலும், சிறுபிள்ளை விரல் பட்டாலும், அன்று வந்த பாதந்தானோ என்று அஞ்சி இலையைக் கூப்பிக்கொள்கிறது.