முப்பத்தேழாவது கோடு

தூத்துக்குடியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே ஞானசிகாமணி எழுத்தராக இருந்தார். வயது ஐம்பத்தாறு. அவருக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தவள் செலின். அவளுக்கு இருபத்தொன்பது. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

நிலையத்துக்குப் புது பிரிண்டர் வந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடிந்து வரும் படிவம். சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் என்று பெயர்கள் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். எண்களை மட்டும் பிரிண்டர் அடிக்க வேண்டும். ஒரு தாளுக்கு எத்தனை வரி என்ற பக்க நீளத்தையும், மேலே எவ்வளவு இடம் விடுவது என்ற மார்ஜினையும் ஞானசிகாமணியே அமைத்தார்.

முதல் நாள் இரண்டே அறிக்கைகள். இரண்டாவது, உப்பளத்தில் வேலை பார்க்கும் முத்துப்பேச்சியுடையது. அவளுடைய மருமகன் தாளைப் படித்துவிட்டு, யூரியா தொண்ணூற்றிரண்டு, சிறுநீரகம் போய்விட்டது என்று சொல்லிவிட்டான். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிறு, நிலையமும் இல்லை, டாக்டரும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் டாக்டர் பார்த்தார். கிரியாட்டினின் இருபத்துநாலு என்றால் இந்த அம்மாள் நடந்தே வந்திருக்க முடியாது என்றார். எண்களெல்லாம் ஒரு வரி கீழே இறங்கியிருந்தன. தொண்ணூற்றிரண்டு அவளுடைய சர்க்கரை.

விஷயம் தெரிந்ததும் ஞானசிகாமணி பிரிண்டர் முன்னால் உட்கார்ந்தார். மேல் மார்ஜினை ஒரு வரி குறைத்துப் பார்த்தார். இரண்டாம் தாள் சரியாக வந்தது. முதல் தாள் மேலே ஏறிவிட்டது. மூன்றாவது கீழே இறங்கியது. மதியம் வரை அதோடு மல்லுக்கட்டிவிட்டு செலினுக்குப் போன் போட்டார்.

அவள் வந்தாள். மெஷினைத் தொடவில்லை. மார்ஜினைப் பழையபடி வைக்கச் சொல்லி, பத்துத் தாள் அடிக்கச் சொன்னாள். கிழிக்காமல் தரையில் விரிக்கச் சொன்னாள். எண்கள் படி இறங்குவதுபோல் தாளுக்கு ஒரு வரியாக இறங்கிப் போயின.

"எந்தத் தாள் சரி, அண்ணாச்சி?"

"முதல் தாள்."

"அப்போ மேல் மார்ஜின்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரியாத்தான் இருக்கு."

"அதைத்தான் மதியம் வரைக்கும் திருத்தினீங்களா?"



பக்க நீளம் எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்டாள். முப்பத்தேழு வரி என்றார். ஸ்கேல் வைத்து, வரிக்கு ஒன்றாகப் பென்சிலால் கோடு போட்டு, ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புவரை எண்ணியதாகச் சொன்னார். கோடு போட்ட அந்தத் தாள் மேஜையில் இருந்தது. அடுத்த தாள் அதிலிருந்து இன்னும் கிழிபடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு முன்னால ஒரு தடவை எண்ணுங்க."

அவர் மேல் மடிப்பில் விரல் வைத்து ஒன்று என்று தொடங்கினார். கீழ் மடிப்பில் முப்பத்தேழு என்று முடித்தார்.

"நிறுத்தாதீங்க. அடுத்த தாளையும் எண்ணுங்க."

விரலை எடுக்காமலே, "ஒண்ணு" என்றார்.

முப்பத்தேழு என்று சொன்ன அதே மடிப்பில்தான் விரல் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ அறிக்கை கேட்டு வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து போய் முப்பத்தாறு என்று மாற்றினார். பத்துத் தாள் அடித்தார். பத்திலும் எண்கள் அந்தந்த இடத்தில் உட்கார்ந்தன.

முத்துப்பேச்சியின் அறிக்கையைப் புதிதாக அடித்து, தானே ஸ்கூட்டரில் கொண்டுபோனார். மெஷின் கோளாறு என்று சொல்ல வழியெல்லாம் நினைத்திருந்தார். வாசலில் அவளைப் பார்த்ததும், நான் எண்ணினதில் தப்பு என்று சொன்னார். அவள் தாளை வாங்கி மருமகனிடம் கொடுத்து, இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் இவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். தனக்கும் ஒரு தம்ளர் ஊற்றிக்கொண்டாள்.

அவர் திரும்பி வந்தபோது செலின் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"அந்த மடிப்பு, முதல் தாளோட கடைசியா, அடுத்த தாளோட ஆரம்பமா?"

"இன்னும் கிழிக்கலையே, அண்ணாச்சி."