செவலை உரசிய தூண்

"சாமி, தூண் மங்கிப்போச்சுங்க. பழைய மினுமினுப்பைத் திரும்ப வர வைக்கறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

மடத்துக்கு வருகிறவர்கள் முக்தி கேட்பார்கள். மனநிம்மதி கேட்பார்கள். நாச்சிமுத்து தூணுக்குப் பளபளப்புக் கேட்டார். அவருக்கு அறுபத்தைந்து வயது. குரு வெள்ளியம்மை அவரைவிட இருபது வயது இளையவர்.

வெள்ளியம்மை சிரிக்கவில்லை.

"எந்தத் தூணுங்கண்ணா?"

"எங்க கட்டுத்தரைத் தூணுங்க."

மடத்தை ஒட்டிய சோளக்காட்டில் நாச்சிமுத்துவின் பாட்டன் கட்டிய மாட்டுக்கொட்டகை அது. சுவர் கல், தூண் கல், கூரையும் கல்பலகை. எட்டு மாடுகள் நின்ற இடம். கலப்பையும் நுகத்தடியும் சுவரில் துருத்திய கல்லில் தொங்கும். களத்தில் சோளம் காயும்போது மழை பிடித்துக்கொண்டால் ஊரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஓடிவரும். ஈரத் துணியோடு, மாட்டு மூச்சின் கதகதப்பில் எல்லாரும் நின்று சிரித்துப் பேசியது நாச்சிமுத்துவுக்கு இன்றும் மறக்கவில்லை.

கடைசியாக அங்கே நின்றது செவலை என்ற எருது. அது கழுத்தைத் தேய்த்துத் தேய்த்தே நடுத்தூண் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. செவலை செத்து மூன்று வருடம். அன்று போட்ட பூட்டுதான் இன்னும் தொங்குகிறது.

"ஒருத்தரையும் உள்ளே விடறதில்லீங்க. தினமும் தூணுக்கு விளக்கெண்ணெய் பூசித் துடைக்கறேன். மாட்டுப் பொங்கலுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கறேன். அப்பவும் பிசுபிசுன்னு கறுத்துப்போகுது. செவலை இருந்ததுக்கு வேற அடையாளமே இல்லீங்க சாமி. இதுவும் போயிருச்சுன்னா..."

இடுப்பில் முடிந்திருந்த சாவியைத் தடவிக்கொண்டார்.

"சாவியைக் குடுங்க," என்றார் வெள்ளியம்மை.

நாச்சிமுத்து இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். சாமி ஏதோ மந்திரிக்கப்போகிறது என்று நினைத்தார், பாவம்.

மடத்து வாசலில் மாராத்தாள் நின்றிருந்தாள். முந்தின நாள் காற்றில் அவளுடைய ஓலைக்கொட்டகை பறந்துபோய், எருமை வெயிலில் நின்றது. அதைக் கட்ட இடம் கேட்டு வந்திருந்தாள். சாவி அவள் கைக்குப் போனது.

நாச்சிமுத்துவுக்கு வந்ததே கோபம்!

"எருமையா? சேத்துல பொரண்டு வர்ற எருமையா சாமி?"

"எண்ணெய்க்கு மூணு வருசம் குடுத்தீங்க. எருமைக்கு மூணு மாசம் குடுங்கண்ணா."

அதோடு நாச்சிமுத்து மடத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று, எருமை அந்தத் தூணில் சொறிந்துகொள்வதைப் பார்த்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்தார்.

"சாமி, மினுமினுப்பு வந்திருச்சுங்க."

முகத்தில் சந்தோஷம் இல்லை.

"ஆனா பழைய இடத்துக்கு ஒரு சாண் கீழே வந்திருக்குது. அது எருமையோடதுங்க. என் செவலையோடது இல்ல."

வெள்ளியம்மை எழுந்து அவரோடு நடந்தார்.

கட்டுத்தரைக்குள் சாண வாசம். மூலையில் எருமை அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. மாராத்தாள் வாசலில் தீவனத்துக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"செவலை தேய்ச்ச இடம் எது?"

எண்ணெய் கறுத்த இடத்தில் கை வைத்தார் நாச்சிமுத்து. "இதுங்க."

"அதுக்கு மேலே?"

கையை இன்னும் ஒரு சாண் ஏற்றினார். தூசிக்கு அடியில் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. துண்டால் துடைத்தார். அங்கேயும் மங்கலாக ஒரு மினுமினுப்பு.

"இது... காரிங்க. எங்கய்யனோட எருது. அப்படி ஒரு ஒசரம்! அது செத்த அன்னிக்கு அய்யன் சோறு தின்னல."

"அப்புறம் உங்கப்பா பூட்டிட்டாரா?"

"இல்லீங்க. அடுத்த சந்தையிலயே செவலையைக் கன்னுக்குட்டியாப் பிடிச்சுட்டு வந்து, இதே தூணுல..."

கை இன்னும் காரி தேய்த்த இடத்திலேயே இருந்தது.

எருமை எழுந்து வந்து தூணில் கழுத்தைச் சாய்த்தது. நாச்சிமுத்து ஒதுங்கி அதற்கு இடம் விட்டார்.

கொஞ்ச நேரம் அது தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா மாராத்தா, இதுக்கு என்ன பேரு வெச்சிருக்கறே?"