புழு வேண்டாமென்ற பிரசாதம்

"அம்மா, உங்க பிரசாதத்தையே இந்தப் புழுக்கள் அவமதிக்குது!"

சங்கரலிங்கத்துக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். குரு வடிவம்மைக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். ஆனாலும் மடத்தில் அவள் குரு, அவர் சீடர்.

மடத்துச் சமையல்கட்டில் விழும் காய்த்தோலையும் எச்சிலையையும் மண்புழுத் தொட்டியில் போட்டு உரமாக்குவது அவருடைய தொண்டு. புழுக்களைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தார்.

குரு வாய் பட்டது எதுவானாலும் பிரசாதம். குப்பையில் கொட்டக் கூடாது, சீடர்கள்தான் தின்று தீர்க்க வேண்டும். அது அங்கே வழக்கம். நேற்று யாரோ கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயை வடிவம்மை தொட்டு நக்கிவிட்டு, ஜாடியோடு தள்ளிவிட்டாள். புண்ணியம் புழுக்களுக்கும் சேரட்டுமே என்று சங்கரலிங்கம் பாதியை அள்ளித் தொட்டியில் போட்டுவிட்டார்.

விடிந்து பார்த்தால் புழுக்கள் சுவரேறி வெளியே விழுகின்றன!

"நீங்க சாப்பிட்டீங்களா, அண்ணாச்சி?"

"சாப்பிடாம? எனக்கு வயித்துப்புண்ணு. உயிர் போற எரிச்சல். ஆனா பிரசாதத்தை வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

"முடியாதுதான். புழுவுக்குத்தான் திமிரு. மூடியைப் போட்டுக் கல்லைத் தூக்கி வையுங்க."

வைத்தார்.

"ஜாடியில மிச்சம் இருக்குல்ல? அதையும் கொட்டிட்டு மூடுங்க."

கல்லை இறக்கி, மூடியைத் திறந்தார். மூலையில் புழுக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. சில அசையவே இல்லை.

"செத்துப் போகும்மா."

"போகட்டும். என் பிரசாதத்தைவிட இதுக பெரிசா?"

அவர் ஜாடியைத் தூக்கினார். சாய்க்கவில்லை.

"கொட்டுங்கன்னேன்! குரு வார்த்தையை மீறுறவருக்கு இந்த மடத்துல சோறு கிடையாது."

"இதுக பெரிசுதான்!"

மடமே திரும்பிப் பார்த்தது. சங்கரலிங்கம் ஜாடியை முற்றத்தில் போட்டு உடைத்தார்.

"உங்க சோறும் வேண்டாம், ஊறுகாயும் வேண்டாம். நான் போறேன். ஆனா இதுகளைக் காப்பாத்திட்டுத்தான் போவேன்! யார் தடுக்கிறாங்கன்னு பார்க்கிறேன்!"

வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டு ஊறுகாயை வழித்து வழித்து வெளியே எறிந்தார்.

இதற்காகவே காத்திருந்தவள் போல வடிவம்மை ஒரு கூடையை எடுத்துவந்து அவர் பக்கத்தில் குந்தினாள்.

"அடியிலயும் கொஞ்சம் கிடக்கு பாருங்க, அண்ணாச்சி," என்றாள்.