மஞ்சள் வரிசையும் எட்டுக் கும்பிடும்

மருதங்கோட்டையை ஆண்ட விசயரங்கப் பூபதிக்கு நாடு சின்னது, பட்டம் பெரிது. கையகல நாட்டுக்கு எட்டுப் பட்டங்கள்! அவற்றை எழுதாத இடம் அரண்மனையில் இல்லை. கொலுமண்டபத்துச் சுவரையும் விட்டுவைக்கவில்லை.

அந்தச் சுவரில்தான் ஏரித் தண்ணீர் முறை எழுதியிருந்தது. ஊருக்கு ஒரு வரிசை. இடது கோடியில் ஊர்ப் பெயர். வலது கோடியில் அந்த ஊருக்கு மதகு திறக்கும் நாள். நடுவில்? வேறென்ன, மகாராஜாவின் பட்டங்கள்! எல்லா வரிசையிலும் அதே எட்டு.

இதைச் சுவரோடு நடந்தபடி உரக்க வாசிப்பது மாயழகு என்பவனின் வேலை. ஒவ்வொரு பட்டத்துக்கும் அரசர் பக்கம் திரும்பிக் குனிந்து கும்பிட வேண்டும். சபையில் வாசித்தது வாசித்ததுதான், மாற்ற முடியாது. இதெல்லாம் அந்த நாட்டுச் சட்டம்.

அந்த ஐப்பசியில் மாயழகு, புளியங்குளத்துக்கு வேறொரு ஊரின் நாளை வாசித்துவிட்டான். தண்ணீர் வரவில்லை. புளியங்குளத்து நாற்று வாடியது. ஊரே அரண்மனை வாசலில் வந்து அழுதது.

"இன்னொரு தடவை தப்பா வாசிச்சா உன்னை நாடு கடத்திடுவேன்!" என்று சீறினார் ராஜா.

உடனே எழுந்தார் சித்திரசாலை அதிகாரி சொக்கேச பண்டிதர். அவர் தூரிகை பிடித்து யாரும் பார்த்ததில்லை. பிறரைப் பிடிக்கச் சொல்லித்தான் பார்த்திருக்கிறார்கள்.

"மகாராஜா, ஒரு வரிசை மஞ்சள், ஒரு வரிசை வெள்ளை. இப்படி மாத்தி மாத்திப் பூசிட்டா, கண்ணை மூடிக்கிட்டே வாசிக்கலாம்!"

கண்ணை மூடினால் மஞ்சள் எதற்கு என்று கேட்க அந்தச் சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. "ஆகா!" என்றார்கள். பூசினார்கள். பூசியதும் மறுபடி "ஆகா!" என்றார்கள்.

"நாளைக்கு மாயழகு சரியா வாசிச்சா பண்டிதருக்குப் பல்லக்கு!" என்றார் ராஜா. தப்பினால் மாயழகு நாட்டை விட்டுப் போவான். பண்டிதருக்கு எப்படியும் நஷ்டமில்லை. மற்றவன் தலையில் பந்தயம் கட்டுவதில் சிலருக்குத் தனித் திறமை!

மாயழகு அரண்மனை விகடர் அவிநாசியிடம் ஓடினான்.

"அண்ணே, சுவர் பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா கும்பிட்டு நிமிர்ந்தா விட்ட இடம் தெரியல. மஞ்சள்ல விட்டேன்னு ஞாபகம் இருக்கு. எந்த மஞ்சள்? சுவர்ல பாதி மஞ்சள்!"

"இதை ராஜாகிட்ட சொல்றதுதானே?"

"கும்பிடறதாலதான் தப்பு வருதுன்னா? நாடு கடத்தமாட்டார் அண்ணே, தலையை எடுத்துடுவார்."

"நீ சும்மா வா. பண்டிதரே சொல்லுவார்," என்றார் அவிநாசி.

மறுநாள் சபை கூடியது. அவிநாசி எழுந்தார்.

"மகாராஜா, இப்பேர்ப்பட்ட சுவரை முதல்ல வாசிக்கிற பெருமை இந்த மாயழகுக்கா? பண்டிதருக்கே குடுங்க. அவரோட வயல் இருக்கிற சந்தனவயல் ஊர் முறையையே வாசிக்கட்டும்."

ராஜா தலையசைத்தார். பண்டிதரின் நெஞ்சு விரிந்தது. "சந்தனவயல்!" என்று முழங்கினார். மஞ்சள் வரிசை. முதல் பட்டம், ஒரு கும்பிடு.

"இன்னும் கொஞ்சம் குனியலாமே, பண்டிதரே. மகாராஜா பார்க்கிறார்," என்றார் அவிநாசி.

பண்டிதர் மூக்கு முழங்காலில் இடிக்கக் குனிந்தார். எட்டாவது கும்பிடில் தலைப்பாகை கண்ணை மறைத்தது. அதைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். எதிரே மஞ்சள். அப்பாடா என்று வாசித்தார்: "மாசிப் பௌர்ணமி!"

சபை திகைத்தது. சந்தனவயல் நெல் போடும் ஊர், அதன் முறை ஐப்பசியில். தையில் அறுப்பு முடிந்துவிடும். மாசியில் நெல்லுக்கு எதற்குத் தண்ணீர்? அது வெள்ளரி போடும் ஊரின் முறை.

"ஐயோ மகாராஜா, அது வேற மஞ்சள்!" என்று அலறினார் பண்டிதர். "கும்பிட்டு நிமிர்ந்ததுல வரிசை மாறிப்போச்சு!"

ராஜாவின் மீசை துடித்தது. "அப்போ என் பட்டத்துமேலதான் குத்தமா?"

அவிநாசி நிதானமாகச் சொன்னார்:

"குத்தம் பட்டத்துமேல இல்ல, அது இருக்கிற இடத்துமேல. ஊர்ப் பெயருக்குப் பக்கத்திலேயே நாளை எழுதிடலாம். பட்டங்கள் கடைசியில."

"என்ன! என் பட்டம் கடைசியிலயா?"

"அங்கதான் பத்திரம், மகாராஜா. இப்போ கும்பிட்டு நிமிர்ந்தவன் வரிசை மாறினா ஒரு ஊர் காயுது. பட்டம் கடைசியில இருந்தா, எந்த வரிசைக்கு மாறினாலும் அங்கயும் நீங்கதானே இருப்பீங்க!"

ராஜா ஒரு கணம் யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மாயழகுவின் வேலை நிலைத்தது. பல்லக்கு அவிநாசிக்குப் போனது.

"சபையில வாசிச்சாச்சு, சந்தனவயலுக்கு மாசின்னு ஆயிடுச்சு. அதோட ஐப்பசித் தண்ணி புளியங்குளத்துக்குப் போகட்டுமே," என்றார் அவிநாசி.

"அப்படியே ஆகட்டும்!"

"என் வயல்ல நான் என்னய்யா விதைக்கிறது?" என்று பண்டிதர் அழமாட்டாக் குறையாகக் கேட்டார்.

"வெள்ளரி போடுங்க, பண்டிதரே," என்றார் அவிநாசி. "பழுத்தா ஒரு வரி மஞ்சள், ஒரு வரி வெள்ளை. கண்ணை மூடிக்கிட்டே பறிக்கலாம்!"